கைமாறிய மரக்கலங்கள்

அல்குர்ஆன் பேசும் கலங்களுள் நபி நூஹ் (அலை) அவர்களின் கப்பலை அறியாதார் எம்மிடையே இல்லை. சூறதுல் கஹ்பில் வரும் சிறு படகோ அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. கடலில் உழைத்துப் பிழைக்கும் ஏழைகள் சிலருக்குக் கூட்டாகச் சொந்தமாயிருந்த படகு அது. மூஸா (அலை) அவர்களும் ஹிழ்ர் (அலை) அவர்களும் அதில் ஏறிச் செல்கின்றனர். ஏற்றிச் சென்ற நன்றியையும் பாராது ஹிழ்ர் (அலை) அவர்கள் அப்படகைப் பழுதாக்கி விடுகிறார்கள். மூஸா (அலை) அவர்கள் திகைத்துப் போகிறார்கள். விளக்கம் பின்னரே வருகிறது. அந்தப் பக்கத்தில் ஓர் அரசன் இருந்தான். நல்ல நிலையிலுள்ள படகுகளையெல்லாம் பலாத்காரமாகப் பறித்துக் கொண்டிருந்தான். பழுதுபட்ட படகை அவன் தீண்டமாட்டான்.

பேணி வைக்கப்பட்ட படகுக்கே ஆபத்து அதிகம் என்பது இச்சம்பவத்தில் பொதிந்துள்ள உலகியல் உண்மை. சட்ட அறிஞர்கள் இதே வசனத்திலிருந்து இன்னொன்றையும் எடுத்தார்கள். படகொன்றைச் சொந்தமாக வைத்திருந்தவர்களையும் வேதம் ‘மிஸ்கீன்கள்’ என்றே அழைக்கிறது. ஆகவே மிஸ்கீன் என்பவன் அறவே ஒன்றுமில்லாதவன் அல்லன், ஏதோ ஒன்று இருந்தும் அது போதாதவன் என்ற முடிவுக்கு இமாம் ஷாபிஈ (ரஹ்) அவர்கள் இவ்வசனத்தை ஆதாரமாகக் கொண்டார்கள். படகு வைத்திருப்பது செல்வத்தின் அடையாளமல்ல. அது தொழிற் கருவி. கலப்பையும் தறியும் போல.

ஒரு குடும்பத்தின் படகு அக்குடும்பத்தை விட்டுப் போவதற்கு மூன்று வாசல்கள் உள்ளன. ஒன்று பைஉ, அதாவது விற்பனை. இரண்டாவது மீராஸ், அதாவது வாரிசுரிமைப் பங்கீடு. மூன்றாவது கஸ்ப், அதாவது பறிப்பு. கடல் கொண்டு போவதை இக்கணக்கில் சேர்க்கவில்லை. அது அல்லாஹ்வின் நாட்டம். மனிதர் கையால் நிகழும் இம்மூன்றில் முதலாவதே கண்ணியமானது. விற்றவனுக்குப் பணம் கிடைக்கிறது. வாங்கியவனுக்குக் கலம் கிடைக்கிறது. பின்வருவோருக்குக் கடதாசி ஒன்று மிஞ்சுகிறது. வரலாறு எழுதுபவனுக்கு வேண்டியது இந்தக் கடதாசிதான். எமது சமூகத்தின் கடல் வாழ்வை எழுத முனையும் எவரும் முதலில் தேட வேண்டியதும் அதுவே என்பதை இக்கட்டுரை வலியுறுத்த விரும்புகிறது.

சொற்களில் மிஞ்சிய கடல்

சிங்கள மக்கள் எம்மவரைக் குறிக்க ‘மரக்கல’ என்ற சொல்லை நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளனர். மரைக்காயர் என்ற பெயருக்கு மரக்கலத்தோடு தொடர்புபடுத்திப் பொருள் கூறுவோரும் உளர். அச்சொல்லாராய்ச்சியின் முடிவு எதுவாக இருப்பினும், அயலவர் பார்வையில் நாம் கலத்தோடு சேர்ந்தே அறியப்பட்டோம் என்பதில் ஐயமில்லை.

தமிழின் கடற்சொற்களும் இதற்குச் சான்று பகரும். கப்பலைச் செலுத்துபவன் மாலுமி. இது ஆசிரியனைக் குறிக்கும் ‘முஅல்லிம்’ என்ற அறபுச் சொல்லின் தமிழ் வடிவம். கப்பலைத் திருப்பும் சுக்கான் அறபியே. நங்கூரம் பாரசீகத்தின் வழி வந்தது. கப்பற் தலைவனைக் குறிக்கும் நகுதாவும் அவ்வாறே. இன்னொரு புறம், தச்சரை நாம் ஓடாவி என்கிறோம். ஓடம் கட்டுபவனின் பெயரே வீட்டுக்குக் கதவு நிலை போடுபவனுக்கும் ஆகிவிட்டது. கேரளத்தின் பேப்பூரில் உரு எனப்படும் பெரிய மரக்கலங்களைக் கட்டும் தச்சரையும் இதனையொத்த சொல்லாலேயே அழைக்கின்றனர். ஓடம் போன பின்னும் ஓடாவி என்ற பெயர் எமது ஊர்களில் நிலைத்திருக்கிறது.

கடதாசி என்ற சொல்லின் வரலாறு இன்னும் கூர்மையானது. அறபியில் ‘கிர்தாஸ்’ என்றால் எழுதும் தாள். போர்த்துக்கீசர் இச்சொல்லை எடுத்துக் ‘கர்த்தாஸ்’ என்று வழங்கினர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து இந்து சமுத்திரத்தில் ஓடும் கலங்கள் அவர்களிடம் கட்டணம் செலுத்தி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று விதித்தனர். அச்சீட்டின் பெயர்தான் கர்த்தாஸ். சீட்டில்லாத கலம் பறிக்கப்பட்டது, சரக்கும் போயிற்று, பல வேளைகளில் ஆட்களும் போயினர். கஹ்பு அத்தியாயத்தின் அரசன் பல நூற்றாண்டுகள் கழித்து மலபார்க் கரையிலும் எமது கரையிலும் வந்து நின்றான் என்றே சொல்ல வேண்டும். கள்ளிக்கோட்டைச் சாமூதிரியின் கடற்படையை நடத்திய குஞ்ஞாலி மரைக்காயர்கள் அந்த அரசனோடு மோதினர். அவர்களுள் கடைசியானவர் 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். ஒல்லாந்தரும் அனுமதிச் சீட்டு முறையைத் தொடர்ந்தனர். நாம் இன்று சாதாரணமாகக் கடதாசி என்று சொல்லும் சொல் போர்த்துக்கீசர் வழியாகவே தமிழுக்கு வந்தது என்பர். எமது வாயிலிருந்து போன சொல், எமது கலங்களைப் பறிக்கும் சட்டமாகித் திரும்பி வந்திருக்கிறது.

பேணுதல் என்னும் தொழில்

‘நல்ல நிலையிலுள்ள படகு’ என்று இன்று விளம்பரங்களில் எளிதாக எழுதி விடுகின்றனர். மரக்கலத்தைப் பொறுத்தவரை அது இரண்டு சொற்களில் அடங்குவதல்ல. மரம் கடலில் கிடந்தால் அதை அரிக்கப் பல வந்து சேரும். அவற்றுள் கொடியது கப்பற் புழு. வெளியிலிருந்து பார்த்தால் ஊசித் துளை போலத்தான் தெரியும். உள்ளே பலகை தேன்கூடாகியிருக்கும்.

பாரசீகக் குடாவிலும் அறபிக் கடலிலும் இதற்குக் கையாண்ட முறை ஏறக்குறைய ஒன்றே. வற்றுப் பெருக்கு நன்கு தெரியும் கரையில் கலத்தை ஏற்றி விடுவார்கள். நீர் வற்றியதும் அடிப்பகுதியைச் சுரண்டி, பாசியும் சிப்பியும் நீக்கி, சுண்ணாம்பையும் மிருகக் கொழுப்பையும் குழைத்துப் பூசுவார்கள். நீர்மட்டத்துக்கு மேலுள்ள பலகைகளுக்குச் சுறா எண்ணெய். பலகைப் பொருத்துகளில் எண்ணெயில் ஊறிய பஞ்சைத் திணித்து அடைப்பார்கள். கலப்பத்து என்று தமிழில் சொல்வது இதைத்தான். பருவக்காற்று ஓயும் மாதங்களில் பாயைக் கழற்றி உலர்த்தித் தைத்து வைப்பார்கள். கயிறு மாற்றுவார்கள். இவையாவும் ஆண்டுதோறும் செய்ய வேண்டியவை. ஓராண்டு தவறினால் கலம் பொறுத்துக் கொள்ளும். இரண்டாவது ஆண்டில் கணக்குக் கேட்கும்.

இந்த வேலையைக் குடும்பமே செய்தது. எந்தப் பலகை எப்போது மாற்றப்பட்டது, எந்த வங்கில் வெடிப்பு உண்டு, எந்தக் காற்றில் கலம் ஒரு பக்கம் சாயும் என்பவை தகப்பனிடமிருந்து மகனுக்கு வாய்மொழியாகப் போயின. கலத்தின் உடல் மரத்தாலானதென்றால் அதன் உயிர் இந்த அறிவுதான்.

விற்பனையின் நெறி

இஸ்லாமியச் சட்டம் விற்பனையைப் பற்றிப் பேசும்போது முதலில் வற்புறுத்துவது மறைக்காமையை. விற்பவனும் வாங்குபவனும் உண்மை பேசிக் குறைகளை வெளிப்படுத்தினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு. மறைத்தால் அந்தப் பரக்கத் அழிக்கப்படும் என்பது நபிமொழியின் சாரம். வாங்கிய பின் பழைய குறையொன்று தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு.

ஷாபிஈ மத்ஹபின் பிற்கால நூல்கள் படகு விடயத்தில் மிக நுட்பமான ஒரு நிபந்தனையைச் சேர்க்கின்றன. கண்ணால் காணாத பொருளை விற்பது செல்லாது என்பது அம்மத்ஹபின் பிரதான கருத்து. அப்படியாயின் பாதி நீருக்குள் கிடக்கும் கலத்தின் நிலை என்ன? கலம் முழுவதும் பார்க்கப்பட வேண்டும், நீருக்குள் இருக்கும் பகுதியும் உட்பட என்று அந்நூல்கள் விடை தருகின்றன. இதை எழுதியவர்கள் கடலையும் கப்பற் புழுவையும் அறிந்தவர்களாகவே இருந்திருப்பர். படகைக் கரையேற்றி ஏரா எனப்படும் அடிமரம் வரை காட்டாமல் விற்றால் அது வியாபாரமாகாது. வாங்குபவனின் கண்ணைக் கட்டுவதாகிவிடும்.

கப்பற் சட்டம் பற்றி அறபியில் தனி நூல்களும் உண்டு. கப்பல்களை வாடகைக்கு விடுதல், அது தொடர்பான பிணக்குகள் ஆகியவை பற்றி 10ஆம் நூற்றாண்டளவில் மாலிகி மத்ஹப் அறிஞர் ஒருவர் தொகுத்த நூல் இன்றும் கிடைக்கிறது. மத்தியதரைக் கடலில் ஒரு கப்பலின் உரிமையை 24 கீராத்துகளாகப் பிரித்து வைக்கும் வழக்கம் இருந்தது. ஒருவருக்கு 6 கீராத், இன்னொருவருக்கு 3 கீராத் என்று பங்கு இருக்கும். கப்பலை வெட்டாமல் உரிமையை மட்டும் வெட்டிக் கொள்ளும் முறை இது.

இங்கேதான் இரண்டாவது வாசலான மீராஸ் வருகிறது. ஒரு நகுதா இறக்கிறார்; மனைவியும் மூன்று ஆண்மக்களும் ஒரு பெண்ணும் இருக்கின்றனர் என்று வைத்துக் கொள்வோம். 24 கீராத்தில் மனைவிக்கு எட்டிலொன்றான 3. எஞ்சிய 21இல் ஆண்மக்களுக்குத் தலா 6 வீதம் 18, மகளுக்கு 3. கணக்குச் சரியாக வருகிறது. வாழ்க்கை அப்படி வருவதில்லை. ஒரு மகன் கடலுக்குப் போவான், இன்னொருவன் கடை வைப்பான், மூன்றாமவன் வெளியூர் போய்விடுவான். மகளின் பங்கு மருமகனின் கேள்வியாக வந்து நிற்கும். சுண்ணாம்பும் கொழுப்பும் வாங்கும் செலவில் யார் எவ்வளவு கொடுப்பது என்ற பிரச்சினை எழும். கடைசியில், ‘விற்றுப் பங்கு பிரிப்போம்’ என்ற முடிவு வரும். நல்ல நிலையிலுள்ள பல கலங்கள் பழுதால் விற்கப்படவில்லை. பங்காளிகள் பெருகியதால் விற்கப்பட்டன.

1938: ஓர் ஆண்டு, மூன்று கலங்கள்

பாய்க்கப்பல் வரலாற்றில் 1938ஆம் ஆண்டு ஒரு சந்தி. அவ்வாண்டில் மூன்று கலங்களின் கதைகள் அருகருகே நிற்கின்றன.

முதலாவது குவைத்தில் கட்டப்பட்ட ‘ஃபதஹுல் கைர்’. பூம் வகையைச் சேர்ந்த மரக்கலம். அல்-கானிம் என்ற வணிகக் குடும்பத்துக்காகக் கட்டப்பட்டது. குவைத்தில் மரமில்லை. தேக்கு மலபாரிலிருந்து வந்தது. கயிறும் அங்கிருந்தே வந்தது. ஆகக் குவைத்துக் கலம் ஒன்றின் உடலில் பாதி எமது அயற்கரையைச் சேர்ந்தது. பஸ்ராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்கும் கிழக்கு ஆபிரிக்காவுக்கும் போவதும், திரும்புகையில் மரமும் பிறவும் கொண்டு வருவதும் அக்கலங்களின் ஆண்டு வட்டம்.

இரண்டாவது ‘பயான்’ என்ற கலம். அவுஸ்திரேலியரான அலன் வில்லியர்ஸ் 1938 டிசம்பரில் ஏடனில் இதில் ஏறினார். அதன் நகுதா அலி பின் நாஸிர் அந்-நஜ்தி. ஹழரமவ்த் கரையோரமாகச் சென்று மொகடிசு, லாமு, மொம்பாசா, சான்சிபார் என்று தெற்கே இறங்கி, ருபிஜி ஆற்று முகத்துவாரத்தில் கண்டல் மரக் கம்புகளை ஏற்றிக்கொண்டு, 1939இல் குவைத் திரும்பிய அப்பயணத்தை வில்லியர்ஸ் நூலாக எழுதி 1940இல் வெளியிட்டார்.

அந்நூலில் கலத்தின் உரிமை பற்றி வரும் செய்திகள் எமது கவனத்துக்குரியவை. செலவு போக மிஞ்சும் வருமானத்தில் பாதி கலத்துக்கு, பாதி ஆட்களுக்கு. கலாசி நகுதாவிடம் கடன்பட்டிருப்பான். நகுதா கரையிலுள்ள வணிகக் குடும்பத்திடம் கடன்பட்டிருப்பார். ஊரார் ‘நஜ்தியின் கப்பல்’ என்பர். அதற்கான பணம் அல்-ஹமத் குடும்பத்தினுடையது. வட்டி ஹராமானதால் வட்டி இல்லை. ஆனால் கடன் தீர்வதும் இல்லை. குடும்பச் சொத்து என்று நாம் பெருமையோடு சொல்லும் கலங்களில் எத்தனை பலகை உண்மையில் குடும்பத்துக்குச் சொந்தம், எத்தனை பலகை கடன்காரனுக்குச் சொந்தம் என்று கேட்டுப் பார்க்கவும் வரலாறு எம்மைத் தூண்ட வேண்டும்.

அதே 1938இல்தான் குவைத்தின் புர்கானில் எண்ணெய் கண்டெடுக்கப்பட்டது. 1946இல் ஏற்றுமதி தொடங்கியது. அதன் பின் நடந்ததை ஒரே வரியில் சொல்லலாம்: கலாசிகள் கரையேறினர். எட்டு ஒன்பது மாதம் கடலில் கிடந்து கடனோடு திரும்புவதை விடக் கரையில் மாதச் சம்பளம் மேலானது என்பதை யார் மறுக்க முடியும்? ஷத்துல் அறபிலிருந்து குடிநீர் கொண்டு வந்து கொடுத்த கலங்களுக்கும், 1953இல் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்த பின் வேலை குறைந்தது. பழுதில்லாத, பாய் கிழியாத கலங்கள் விலைக்கு வந்தன. ஃபதஹுல் கைரும் 1950களின் முற்பகுதியில் விற்கப்பட்டது.

விற்ற கை மீண்டும் நீண்டது என்பதே இக்கதையின் சிறப்பு. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளின் பின்னர், 1990களில், குவைத் அக்கலத்தைத் தேடிப் பிடித்துத் திரும்ப வாங்கியது. இன்று அது குவைத் நகரின் கடற்கரையில் அறிவியல் நிலையத்தின் அருகே மக்கள் பார்வைக்கு நிற்கிறது. தேசிய நூதனசாலையில் முன்னர் வைக்கப்பட்டிருந்த ‘முஹல்லப்’ என்ற இன்னொரு கலம் 1990-91 ஈராக்கிய ஆக்கிரமிப்பின்போது எரிக்கப்பட்டது. நூதனசாலையில் பத்திரமாக இருந்தது அழிய, அந்நியருக்கு விற்கப்பட்டது பிழைத்திருக்கிறது. வாங்கியவன் அதைத் தொழிலில் வைத்திருந்தான். தொழிலில் இருந்ததால் பேணினான். நகுதா நஜ்தியோ 1979இல் மீன்பிடிக்கச் சென்ற இடத்தில் கடலோடு மறைந்து போனார். கலம் திரும்பி வந்தது. அதைச் செலுத்தத் தெரிந்த தலைமுறை திரும்பவில்லை.

அன்னபூரணி

மூன்றாவது கலம் எமது நாட்டினது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்ற பாய்க்கப்பல் 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்திலுள்ள குளோஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பேட் றொபின்சன். ‘ஸ்வாப்’ என்ற சுமார் 32 அடி நீளப் படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்து பெயர் பெற்றவர் அவர்.

அந்த ஸ்வாப்பின் முடிவையும் இங்கே சொல்ல வேண்டும். 1934இல் கலாபகஸ் தீவுகளில் றொபின்சனுக்குக் குடல்வால் அழற்சி ஏற்பட்டு உயிருக்கு ஆபத்தாயிற்று. அமெரிக்கக் கடற்படை அவரைக் காப்பாற்றியது. தீவில் விடப்பட்ட படகு அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. நன்கு பேணப்பட்ட சிறு படகொன்றை இழந்த மனிதர்தான், சில ஆண்டுகளின் பின் யாழ்ப்பாணத்து வடகரையில் கட்டிய கலத்தைத் தேடி வந்தார். உலகின் பல துறைமுகங்களைக் கண்ட ஒருவர், எமது ஓடாவிகளின் கைவேலையில் ஏதோ ஒன்றைக் கண்டு பணம் கொடுத்து வாங்கினார் என்பது சாதாரண சான்றிதழல்ல.

1937இல் கலம் புறப்பட்டது. வல்வெட்டித்துறை மாலுமிகள் அதில் சென்றனர். ஏடன், சுயெஸ், மத்தியதரைக் கடல், பின் அத்திலாந்திக், பெர்மியூடா என்று பயணம் நீண்டது. கலத்தின் பெயரும் மாறிவிட்டது. வாங்கியவரின் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ ஆயிற்று. உணவளிக்கும் அன்னையின் பெயர் அழிக்கப்பட்ட இடத்தில் ஒரு சீமாட்டியின் பெயர் எழுதப்பட்டது. வாங்கியவருக்கு அந்த உரிமை உண்டு. விற்பனை என்பதே அதுதான். கலம் அங்கேயே நின்றது; மாலுமிகள் ஊர் திரும்பினர்.

இந்த விற்பனையில் கொடுக்கப்பட்டவற்றையும் கொடுக்கப்படாதவற்றையும் பிரித்துப் பார்க்கலாம். மரம், பாய், கயிறு, நங்கூரம் ஆகியவை போயின. அதைக் கட்டிய அளவு, செலுத்திய கணக்கு, நட்சத்திரமும் நீரோட்டமும் பார்க்கும் பழக்கம் ஆகியவை விற்பனைக்கு உட்படாதவை. அவை மாலுமிகளோடு ஊருக்குத் திரும்பின. ஊரில் அவற்றுக்கு வேலை இருந்தவரை வாழ்ந்தன. ஆனாலும் வல்வெட்டித்துறை மக்கள் ஒன்றைச் செய்தனர். தமது கலம் அமெரிக்கா போன கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள், மாலுமிகளின் பெயர்களை மறக்காமல் காத்தார்கள், எழுதியும் வைத்தார்கள். கொடுத்து வாங்கிய கலம் ஆனபடியால் அதற்கு ஒரு திகதி இருந்தது, ஒரு துறைமுகம் இருந்தது, ஒரு புதிய பெயர் இருந்தது. தேடுபவனுக்குப் பிடி கிடைத்தது.

தென்கரையில் தொடந்துவைச் சிங்கள மக்களும் இதைச் செய்திருக்கின்றனர். அவர்களது யாத்ரா தோணிகளுள் கடைசியானதெனக் கொள்ளப்படும் ‘அமுகொட ஒருவ’ 1930இல் மாலைதீவில் உடைந்தது. கலம் போனாலும் அவ்வகைத் தோணியின் மாதிரி வடிவமொன்றை அவ்வூர் விகாரையில் பாதுகாத்து வந்தனர்.

மரக்கல என்று பெயர் பெற்ற நாம் எதைப் பாதுகாத்தோம்?

மூன்றாவது வாசல்

இக்கேள்விக்கு, எமது முன்னோர் அசட்டையாக இருந்தனர் என்று மட்டும் விடை கூறுவது நியாயமாகாது. எமது கலங்கள் பல முதலாவது வாசலால் வெளியேறியவை அல்ல.

போர்த்துக்கீசர் பறித்ததை மேலே கண்டோம். 1626இல் அவர்கள் தமது ஆட்சிக்குட்பட்ட பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுள் பெருந்தொகையினரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். கடலோடியவர்கள் வயலோடு வாழப் பழகினர். கிழக்கிலங்கை முஸ்லிம் விவசாயியின் வரலாற்றை எழுதும்போது, கைவிடப்பட்ட கலமொன்று அதன் தொடக்கத்தில் நிற்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை.

எமது காலத்துக்கு வருவோம். காயல்பட்டினம், கீழக்கரை, தூத்துக்குடி, கற்பிட்டி, மன்னார், கொழும்பு ஆகியவற்றுக்கிடையே ஓடிய தோணிகள் 20ஆம் நூற்றாண்டில் மெல்ல மெல்ல ஒதுங்கின. இரு நாடுகளும் தனித்தனி ஆனதும் கடவுச்சீட்டும் இறக்குமதிக் கட்டுப்பாடும் வந்தன. இயந்திரப் படகும் லொறியும் வந்தன. அக்காலத்தில் விற்கப்பட்ட தோணிகளுக்கு நொத்தாரிசு உறுதியோ கைச்சாத்துக் கடதாசியோ இருந்திருக்கும். அவை விற்பனைகள்.

1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கில் நடந்தது விற்பனையல்ல. வடமாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசமே தரப்பட்டது. வீடு, கடை, நகை, வலை, படகு என அனைத்தும் விடப்பட்டன. மன்னார்த் தீவின் மக்கள் பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தனர். தலைமுறை தலைமுறையாகத் தொழிலுக்குப் போன கடலிலேயே அகதிகளாக வந்தனர். பின்னால் விடப்பட்ட படகுகளுக்கு விலை பேசப்படவில்லை. யாரும் அவற்றின் அடிமரம் வரை பார்த்து வாங்கவில்லை. கடதாசி எழுதப்படவில்லை. சட்ட நூல்கள் கஸ்ப் என்ற தலைப்பில் தனி அத்தியாயம் ஒதுக்கிப் பேசுவது இதைத்தான்: பறித்தவன் பொருளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், பொருள் அழிந்திருந்தால் ஈடு கொடுக்க வேண்டும், இடைக்காலத்தில் அதன் பயனை இழந்ததற்கும் பொறுப்பேற்க வேண்டும். ஈடு கேட்பதற்கும் முதலில் பட்டியல் வேண்டும். என்ன இருந்தது, யாருடையது, எத்தனை அடி, எத்தனை வலை என்பதைச் சொல்ல வேண்டும்.

அன்னபூரணியைக் கட்டிய அதே வடகரையில்தான் இதுவும் நடந்தது. முன்னதை நாம் எமது நாட்டின் பெருமையாகக் கொள்கிறோம், கொள்ளவும் வேண்டும். ஓடாவியின் உளியும் மாலுமியின் கணக்கும் ஓர் இனத்தின் தனிச் சொத்தல்ல. அந்தப் பெருமையில் பங்கு கொள்பவர்கள், அருகேயிருந்த இன்னொரு கரையில் கேட்பாரற்றுக் கிடந்த படகுகளின் கதையையும் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது. இரண்டும் ஒரே கடலின் வரலாறு.

செய்ய வேண்டியது

எமது இலக்கியக்காரர் வெளியேற்றத்தைக் கவிதையாகவும் கதையாகவும் எழுதியுள்ளனர். துயரம் பதிவாகியுள்ளது. பொருட்கள் அந்த அளவுக்குப் பதிவாகவில்லை. ஒரு குடும்பத்தின் படகுக்கு என்ன பெயர், யார் கட்டியது, எந்த மரம், என்ன விலைக்கு வாங்கியது, எத்தனை பங்கு, கடைசியாகக் கலப்பத்து அடித்தது எப்போது என்பவை இலக்கியத்துக்குச் சிறிய விடயங்களாகத் தோன்றலாம். வரலாற்றுக்கு அவையே எலும்புகள்.

காலம் எம் பக்கம் இல்லை. 1990இல் முப்பது வயதோடு படகோட்டியவர் இன்று அறுபதைக் கடந்து நிற்கிறார். அவருடைய தகப்பனிடம் கேட்க வேண்டியதைக் கேட்க நாம் பிந்திவிட்டோம். புத்தளத்திலும் கற்பிட்டியிலும் மன்னாரிலும் எருக்கலம்பிட்டியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் பேருவளையிலும் வாழும் எழுத்தாளர்கள் தத்தம் ஊரில் பத்துப் பேரிடம் பேசினாலே போதும். பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய உறுதி, படகுப் பதிவுச் சீட்டு, பங்குக் கணக்கெழுதிய கொப்பி, அறபுத்தமிழில் எழுதிய கடன் குறிப்பு ஆகியவற்றைப் படம் பிடித்துக் கொள்ளலாம். விற்றவர்களிடம் விற்ற கதையைக் கேட்கலாம்: யாருக்கு, எவ்வளவுக்கு, ஏன், பணத்தை என்ன செய்தீர்கள் என்று. விற்க வாய்ப்பில்லாமல் விட்டு வந்தவர்களிடம் படகின் அங்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்கலாம். அப்போது வரும் சொற்களையும் குறித்துக் கொள்ள வேண்டும். வங்கு, பருமல், ஏரா, கலப்பத்து போன்றவை அகராதியில் இருக்கின்றன. வாயில் இருப்பவர்கள் குறைந்து வருகின்றனர்.

ஃபதஹுல் கைரைத் திரும்ப வாங்கக் குவைத்திடம் பணம் இருந்தது. எம்மிடம் அது இல்லை. ஆனால் விற்ற கலமாயினும் பறிபோன கலமாயினும் அதன் விபரத்தைக் கடதாசியில் எழுதி வைப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. கிர்தாஸ் என்று எம்மிடமிருந்து போய், கர்த்தாஸ் என்று எமக்கெதிராக வந்த அந்தச் சொல்லை, இம்முறை எமது கையாலேயே எழுதும் கடதாசியாக மீட்டுக் கொள்வோமாக.